தம்மையே முதலில் சோதித்த அறிஞர் ஹாப்கின்



2020ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களை நாம் யாரும் மறந்திருக்க மாட்டோம். பள்ளிக் கதவுகள் மூடின. நாகை - திருவாரூர் சாலையில் பேருந்துகள் ஓடவில்லை. கீழ்வேளூர்க் கடைத்தெரு வெறிச்சோடிக் கிடந்தது. வெளியே வந்த சிலரும் துண்டாலும் முந்தானையாலும் வீட்டில் தைத்த துணியாலும் வாயையும் மூக்கையும் மூடிக்கொண்டு நடந்தார்கள்.

அந்த முகக்கவசத்தைப் பற்றித்தான் எத்தனை பேச்சு! நோயாளிகளும் மருத்துவப் பணியாளர்களும் அணிந்தால் போதும் என்று முதலில் கூறப்பட்டது. ஏப்ரல் தொடக்கத்தில், வெளியே செல்வோர் எல்லாரும் துணியால் முகத்தை மூடிக்கொள்வது நல்லது என்று நம் மத்திய அரசு அறிவுரை கூறியது. ஜூன் 5ஆம் நாள் உலக சுகாதார நிறுவனமும் தன் ஆலோசனையை மாற்றிக்கொண்டது. நேற்று ஒன்று, இன்று ஒன்று சொல்கிறார்களே, இவர்களை எப்படி நம்புவது என்று திண்ணைகளிலும் தேநீர்க் கடைகளிலும் மக்கள் கேட்டார்கள். அவர்கள் கேட்டதில் தவறில்லை.

அடுத்த ஆண்டு தடுப்பூசி வந்தது. 2021 ஏப்ரல் 15ஆம் நாள், மக்களின் அச்சத்தைப் போக்குவதற்காகவே நடிகர் விவேக் அவர்கள் சென்னையில் எல்லாரும் அறியத் தடுப்பூசி போட்டுக்கொண்டார். இரண்டே நாளில், 17ஆம் நாள், மாரடைப்பால் காலமானார். பின்னர் வல்லுநர் குழு ஆராய்ந்து அவருடைய இறப்புக்கும் ஊசிக்கும் தொடர்பில்லை என்று கூறியது. ஆனால் அந்த ஆய்வு முடிய மாதங்கள் ஆயின. அச்சமோ ஒரே இரவில் ஊரெங்கும் பரவிவிட்டது.

அப்போது எங்கள் வீட்டிலும் ஒரு வழக்கு நடந்தது. எண்பது வயதைத் தாண்டிய என் அப்பாயி ஊசி வேண்டாம் என்று பிடிவாதமாக இருந்தார்கள். நான் அதட்டிப் பார்த்தேன், கெஞ்சியும் பார்த்தேன். ஒன்றும் பலிக்கவில்லை. இந்த வழக்கு எப்படி முடிந்தது என்பதைக் கட்டுரையின் இறுதியில் சொல்கிறேன். அதற்குமுன், இதே அச்சமும் இதே ஐயமும் நம் நாட்டை உலுக்கிய வேறொரு காலத்தில் வாழ்ந்த ஒரு பெரியாரின் வரலாற்றை உங்களுக்குச் சொல்ல விரும்புகிறேன். அவர் நம் நாட்டவர் அல்லர். நம் மொழி அறியாதவர். ஆயினும் தம் வாழ்வின் சிறந்த ஆண்டுகளை நம் மக்களுக்காகவே செலவிட்டவர். அவர்தாம் வால்டெமர் ஹாப்கின்.

இளமைப் பருவம்

ஹாப்கின் 1860ஆம் ஆண்டு மார்ச் 15ஆம் நாள், கருங்கடல் ஓரத்தில் உள்ள ஒடெசா நகரில் ஒரு யூதக் குடும்பத்தில் பிறந்தார். அந்நகரம் அன்று ரஷ்யப் பேரரசில் இருந்தது. இன்று உக்ரைன் நாட்டில் உள்ளது. குடும்பம் செல்வமுடையதன்று. படிப்பில் சிறந்து விளங்கிய ஹாப்கின் ஒடெசாப் பல்கலைக்கழகத்தில் சேர்ந்து விலங்கியல் பயின்றார். அங்கே அவருக்கு வாய்த்த ஆசிரியர் எலீ மெச்னிகாப். நம் இரத்தத்தில் உள்ள வெள்ளணுக்கள் நோய்க் கிருமிகளை விழுங்கி உடலைக் காக்கின்றன என்று கண்டறிந்து, பிற்காலத்தில் நோபல் பரிசு பெற்ற மேதை அவர்.

அந்நாளில் ரஷ்யாவில் யூதர்கள் பட்ட துன்பம் கொஞ்சமன்று. 1881இல் கலகக் கும்பல்கள் அவர்களுடைய வீடுகளையும் கடைகளையும் சூறையாடின. தம் மக்களைக் காக்க முன்வந்த இளைஞர்களுள் ஹாப்கினும் ஒருவர். அதற்காக அவர் கைது செய்யப்பட்டார். ஆசிரியரின் உதவியால் விடுதலை பெற்றார். படிப்பை முடித்த பின்பும் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் பதவி பெற அவருக்குத் தடை இருந்தது. ரஷ்ய வைதிகத் திருச்சபைக்கு மாறினால் பதவி கிடைக்கும் என்ற நிலை. பதவிக்காகத் தம் மதத்தை விட்டுக்கொடுக்க அவர் இசையவில்லை.

ஆகவே 1888இல் தாய்நாட்டை விட்டுச் சுவிட்சர்லாந்து சென்றார். அடுத்த ஆண்டு பாரிஸ் நகரில் லூயி பாஸ்டர் நிறுவிய புகழ்பெற்ற ஆராய்ச்சி நிலையத்தை அடைந்தார். அங்கே காலியாக இருந்தது நூலகப் பணி ஒன்றுதான். பட்டம் பெற்ற விஞ்ஞானி, புத்தகம் எடுத்துக் கொடுக்கும் வேலையை மனமுவந்து ஏற்றார். பகலில் நூலகம், மற்ற நேரமெல்லாம் ஆராய்ச்சிக்கூடம். சிறிய வேலை என்று அவர் ஒதுங்கியிருந்தால் பின்னால் வந்த பெரிய வேலை அவருக்குக் கிடைத்திருக்குமா?

காலராவுக்கு ஊசி

நம் காவிரிப் படுகையில் காலரா என்ற சொல்லுக்கு மூத்தோர் இன்றும் நடுங்குவர். வாந்திபேதி என்று அதைச் சொல்வார்கள். வாய்க்கால் தண்ணீரையே குடித்தும் குளித்தும் வாழ்ந்த ஊர்களில் அது புகுந்தால், காலையில் நன்றாக இருந்தவர் மாலையில் பிணமாவார். அந்நோய்க்குரிய கிருமியை ஜெர்மானிய அறிஞர் ராபர்ட் காக் 1884ஆம் ஆண்டு கல்கத்தாவில் ஆராய்ந்து உறுதிப்படுத்தியிருந்தார். ஆனால் அதைத் தடுக்க நம்பத்தக்க ஊசி இல்லை.

ஹாப்கின் காலராக் கிருமிகளை வளர்த்து, அவற்றின் வீரியத்தை மாற்றி, விலங்குகளுக்குச் செலுத்திப் பார்த்தார். ஊசி போடப்பட்ட விலங்குகள் நோய்க்குத் தப்பின. ஆனால் மனிதர்க்கு அது தீங்கு செய்யாது என்பதற்கு என்ன உறுதி? வேறொருவரின் உடலில் அதைச் சோதித்துப் பார்க்க அவருடைய மனம் துணியவில்லை. 1892ஆம் ஆண்டு ஜூலை 18ஆம் நாள் தம் உடலிலேயே ஊசியைச் செலுத்திக்கொண்டார். காய்ச்சல் வந்தது, வலி இருந்தது, அத்தனையையும் குறிப்பேட்டில் எழுதி வைத்தார். சில நாளில் நலமானார். அதன் பின்னரே நண்பர்கள் சிலர் முன்வந்தனர்.

இந்த ஊசி மெய்யாகவே மக்களைக் காக்குமா என்பதை அறியக் காலரா நிலவும் நாட்டுக்கே செல்ல வேண்டும். இந்தியாவில் முன்பு வைஸ்ராயாக இருந்த டப்ரின் பிரபு அப்போது பாரிசில் பிரிட்டிஷ் தூதராக இருந்தார். அவருடைய ஆதரவால் ஹாப்கின் 1893 மார்ச்சில் கல்கத்தா வந்து இறங்கினார்.

சேரியில் ஒரு பாடம்

வந்தவருக்கு வரவேற்பு இனிமையாக இல்லை. அரசாங்க மருத்துவர்கள், இவர் மருத்துவரே அல்லர், விலங்கியல் படித்தவர்தானே என்று குறைவாக எண்ணினர். மக்களோ, வெள்ளைக்காரன் ஊசியில் என்ன விஷம் இருக்கிறதோ என்று அஞ்சினர்.

1894இல் கல்கத்தாவின் குடிசைப் பகுதி ஒன்றில் காலரா தோன்றியது. ஹாப்கின் உள்நாட்டு மருத்துவர்கள் சிலரோடு அங்கே சென்றார். கூட்டம் சினந்து கல் எறிந்தது என்று அவருடைய வரலாற்றை எழுதியோர் கூறுகின்றனர். அவர் போலீசை அழைக்கவில்லை. திரும்பி ஓடவும் இல்லை. எல்லாரும் பார்க்கத் தம் சட்டையை விலக்கி, உடன் வந்த மருத்துவரிடம் தமக்கு ஊசி போடச் சொன்னார். கூட்டம் அமைதியாயிற்று. அன்று அங்கிருந்த ஏறத்தாழ 200 பேரில் 116 பேர் ஊசி போட்டுக்கொண்டனர். பின்னர் அங்கே காலரா கண்டவர்கள் எல்லாரும் ஊசி போட்டுக்கொள்ளாதவர்கள்.

அதன்பின் அவர் ஊர் ஊராகச் சென்றார். படை முகாம்கள், சிறைகள், அஸ்ஸாம் தேயிலைத் தோட்டங்கள் என்று எங்கும் அலைந்து, இரண்டரை ஆண்டுக்குள் 42,000 பேருக்கு மேல் ஊசி போட்டார். எங்கே எத்தனை பேர் போட்டுக்கொண்டனர், போடாதவர் எத்தனை பேர், யாருக்கு நோய் வந்தது, யார் பிழைத்தனர் என்று கணக்கு எழுதினார். ஒரே இடத்தில், ஒரே தண்ணீரைக் குடித்து வாழும் இரு பிரிவினரை ஒப்பிட்டுப் பார்க்கும் முறையை அவர் விடாது கையாண்டார். இறுதியில் மலேரியாக் காய்ச்சல் அவரை வீழ்த்தியது. 1895இல் இளைத்த உடலோடு ஐரோப்பா திரும்பினார். உடல் சற்றுத் தேறியதும் 1896இல் மீண்டும் இந்தியா வந்துவிட்டார்.

பம்பாயில் பிளேக்

1896 செப்டம்பரில் பம்பாய்த் துறைமுகத்தை அடுத்த மாண்ட்வி பகுதியில், கோவாவைச் சேர்ந்த கத்தோலிக்க மருத்துவர் அகாசியோ வியேகாஸ் ஒரு நோயாளியைப் பரிசோதித்தார். கடுங்காய்ச்சலும் நெறிகட்டியும் கண்டு, இது பிளேக் என்னும் கொள்ளைநோய் என்று துணிந்து அறிவித்தார். பலர் நம்ப மறுத்தனர். வணிகம் கெடும் என்று சிலர் சினந்தனர். அரசாங்கம் ஹாப்கினை வரவழைத்து ஆராயச் செய்தது. வியேகாஸ் கூறியது உண்மை என்று தெளிவாயிற்று.

நோயைவிட வேகமாக அச்சம் பரவியது. சில மாதங்களில் நகரத்து மக்களில் ஏறத்தாழப் பாதிப்பேர் ஊரை விட்டு ஓடினர். 1897 பிப்ரவரியில் அரசு தொற்றுநோய்ச் சட்டம் ஒன்றை இயற்றியது. 2020இல் நம்மை வீட்டுக்குள் இருக்கச் சொன்னதும் அதே பழைய சட்டத்தைத் துணைக்கொண்டுதான் என்பதைப் பெற்றோர் நினைவுகூரலாம். அச்சட்டத்தின் பெயரால் அதிகாரிகள் வீடு புகுந்து சோதித்தனர், தட்டுமுட்டுச் சாமான்களை எரித்தனர், கூரைகளைப் பிரித்தனர், நோயாளிகளை வலிந்து இழுத்துச் சென்றனர். ரயில் நிலையங்களில் பெண்களையும் அந்நிய ஆடவர் தொட்டுச் சோதித்தனர். மருத்துவமனைக்குள் போனால் கொன்று உடலிலிருந்து எண்ணெய் எடுப்பார்கள் என்ற வதந்தி எழுந்தது. 1896 அக்டோபரில் ஆலைத் தொழிலாளர் கூட்டம் ஒன்று ஆர்தர் ரோடு மருத்துவமனையைத் தாக்கியது. 1897 ஜூனில் புனாவில் பிளேக் அதிகாரி ராண்ட் சுடப்பட்டார். அதே ஆண்டு மார்ச்சில், பெண் கல்விக்கு வித்திட்ட சாவித்திரிபாய் பூலே அம்மையார், பிளேக் நோயாளிகளுக்குத் தொண்டு செய்து அந்நோயாலேயே உயிர் துறந்தார்.

மாணவியரே, இங்கே ஒன்றைச் சிந்திக்க வேண்டும். அன்றைய வல்லுநர்கள் சொன்னதெல்லாம் சரியா? இல்லை! பிளேக் எலிகளின் உடலில் உள்ள தெள்ளுப்பூச்சியால் பரவுகிறது என்பது அப்போது தெரியாது. பால் லூயி சிமோன் என்ற பிரெஞ்சு மருத்துவர் 1898இல் அதைக் கண்டு சொன்னபோதும் பல ஆண்டுகள் யாரும் ஏற்கவில்லை. அதுவரை வீடுகளையும் சாக்கடைகளையும் மருந்து நீரால் கழுவிக்கொண்டிருந்தார்கள். அதனால் எலிகள் அடுத்த வீட்டுக்கு ஓடின; நோயும் கூடவே போயிற்று. மக்கள் அதிகாரிகளை நம்பாததற்கு மூடத்தனம் மட்டுமே காரணமன்று. அதிகாரிகள் காட்டிய கடுமையும், அரைகுறை அறிவை முழு அறிவாக எண்ணி நடந்ததும் காரணங்களே.

ஓர் அறையும் ஒரு தாழ்வாரமும்

இந்தக் கொந்தளிப்புக்கு நடுவே, பம்பாய் கிராண்ட் மருத்துவக் கல்லூரியில் ஹாப்கினுக்கு ஒதுக்கப்பட்டது ஓர் அறையும் ஒரு தாழ்வாரமும்தான். உதவிக்கு ஓர் எழுத்தரும் மூன்று ஏவலாட்களும். 1896 அக்டோபரில் வேலையைத் தொடங்கினார். வேலைப் பளு தாங்காமல் உதவியாளர் ஒருவர் மனம் தளர்ந்து நோயுற்றார். இருவர் விட்டுச் சென்றனர். ஹாப்கின் இரவு பகல் பாராது உழைத்தார்.

கிருமிகளை வளர்க்க இறைச்சிச் சாறு தேவை. மாட்டிறைச்சியோ பன்றி இறைச்சியோ கலந்தது என்றால் இந்நாட்டு மக்கள் மனம் புண்படும் என்பதை உணர்ந்து ஆட்டிறைச்சியைப் பயன்படுத்தினார். சாற்றின் மேல் சில துளி நெய் மிதக்கவிட்டால் பிளேக் கிருமி அதிலிருந்து விழுது விழுதாகத் தொங்கி வளரும் என்று கண்டார். நம் வீட்டு நெய், ஆராய்ச்சிக்கூடத்தில் உயிர் காக்க உதவியது! அவ்வாறு வளர்ந்த கிருமிகளைச் சூடேற்றிக் கொன்று ஊசிமருந்து செய்தார்.

மூன்றே மாதத்தில் மருந்து ஆயத்தமாயிற்று. 1897 ஜனவரி 10ஆம் நாள், கல்லூரி முதல்வர் சாட்சியாக, 10 கன சென்டிமீட்டர் மருந்தைத் தம் உடலில் செலுத்தச் செய்தார். பிறருக்குப் பின்னால் போட்ட அளவைவிட அது பல மடங்கு அதிகம். கடுங்காய்ச்சலும் வலியும் வந்தன. அவற்றைத் தாங்கிக்கொண்டே வேலை செய்தார். செய்தி வெளியானதும் கல்லூரி ஆசிரியர்களும் நகரப் பெருமக்கள் சிலரும் தாமாகவே முன்வந்து கையை நீட்டினர்.

அம்மாத இறுதியில் பைகுல்லாச் சிறையில் பிளேக் புகுந்தது. கைதிகளுள் விரும்பிய ஏறத்தாழ 150 பேர் ஊசி போட்டுக்கொண்டனர், மற்றவர் போடவில்லை. போடாதவருள் 12 பேருக்கு நோய் கண்டு 6 பேர் இறந்தனர். போட்டவருள் இருவருக்கே நோய் கண்டது, ஒருவரும் இறக்கவில்லை. அடைபட்டுக் கிடக்கும் கைதியின் இசைவு முழு விருப்பமாகுமா என்று இன்றைய மருத்துவ நெறி கேட்கும். இன்று அப்படிச் செய்ய விடமாட்டார்கள். ஆயினும் அந்தக் கணக்கு ஆயிரக்கணக்கானோர் கண்ணைத் திறந்தது.

அப்போது இன்னொருவரும் பேருதவி செய்தார். இஸ்மாயிலி முஸ்லிம்களின் தலைவரான ஆகா கான், அன்று இருபது வயது நிரம்பாத இளைஞர். தம் மக்கள் அஞ்சுவதைக் கண்டு, அவர்கள் பார்க்கத் தாமே ஊசி போட்டுக்கொண்டார், ஒருமுறையன்று, பலமுறை. ஆராய்ச்சிக்கூடத்துக்குத் தம் மாளிகை ஒன்றையும் கொடுத்தார். அவருடைய சமூகத்தார் ஆயிரக்கணக்கில் முன்வந்தனர். அதிகாரி ஆணையிட்டபோது கதவைச் சாத்திக்கொண்ட மக்கள், தாங்கள் அறிந்த ஒருவர் முன்னே நின்றபோது கதவைத் திறந்தார்கள்.

ஊசி போட்டவர்க்கு நோயே வராது என்று ஹாப்கின் சொல்லவில்லை. நோய் வருவது குறையும். வந்தாலும் இறப்பது குறையும் என்ற அளவிலேயே அதன் பயன் இருந்தது. அதுவே பெரும் பேறு. 1899 ஆகஸ்டில் பரேல் பகுதியில் இருந்த பழைய கவர்னர் மாளிகை அவருடைய ஆராய்ச்சி நிலையமாயிற்று. அங்கிருந்து உலகின் பல பாகங்களுக்கும் மருந்து சென்றது.

முல்கோவால் துயரம்

புகழின் உச்சியில் இருந்தவர் மீது இடி விழுந்தது. 1902 அக்டோபர் 30ஆம் நாள், பஞ்சாபில் முல்கோவால் என்ற கிராமத்தில் 107 பேருக்கு ஊசி போட்டார்கள். சில நாள் சென்றதும் அவர்களுள் 19 பேருக்கு உடல் விறைத்து வில்லாய் வளைந்தது. அது டெட்டனஸ் என்னும் இசிவு நோய். 19 பேரும் இறந்தனர். அத்தனை பேருக்கும் மருந்து எடுக்கப்பட்டது 53என் என்று குறியிட்ட ஒரே புட்டியிலிருந்து.

விசாரணைக் குழு அமைந்தது. புட்டிக்குள் நஞ்சு புகுந்தது ஆராய்ச்சிக்கூடத்திலேயே என்று அக்குழு முடிவு செய்தது. விரைவாக நிறைய மருந்து செய்யும் பொருட்டு ஹாப்கின் செய்முறையை மாற்றி, கார்பாலிக் அமிலம் சேர்ப்பதை விட்டிருந்தார். அதையே குற்றமாகச் சாட்டினர். அவர் பதவியிலிருந்து நிறுத்தி வைக்கப்பட்டார். 1904இல் மனம் நொந்து இந்தியாவை விட்டுச் சென்றார். நண்பர் என்று இருந்தோரும் விலகினர். அவர் யூதர் என்பதாலும், அந்நியர் என்பதாலும், மருத்துவப் பட்டம் இல்லாதவர் என்பதாலும் அவருக்காகப் பரிந்து பேச அதிகார வட்டாரத்தில் அதிகம் பேர் இல்லை.

உண்மை என்ன? முல்கோவாலில் புட்டியைத் திறக்கும்போது உதவியாளர் கையிலிருந்த இடுக்கி தரையில் விழுந்தது. அதை நெருப்பில் காட்டிச் சுத்தம் செய்ய வேண்டும். அவ்வாறு செய்யாமல் மருந்து நீரில் அலசிவிட்டு அதைக்கொண்டே மூடியை எடுத்தார். டெட்டனஸ் கிருமியின் இருப்பிடம் மண். புட்டியைத் திறந்தபோது கெட்ட நாற்றம் எதுவும் இல்லை என்பதும் பதிவாகியிருந்தது. பல நாள் முன்பே உள்ளே கிருமி புகுந்திருந்தால் நாற்றம் வீசியிருக்கும். இச்சான்றுகள் கோப்புகளில் இருந்தன. எடுத்துப் பார்ப்பாரில்லை.

ஆண்டுகள் ஓடின. மலேரியா கொசுவால் பரவுகிறது என்று இந்தியாவில் கண்டறிந்து நோபல் பரிசு பெற்ற ரொனால்டு ராஸ் முதலிய பத்து அறிஞர்கள் 1907 ஜூலையில் லண்டன் டைம்ஸ் இதழில் கையொப்பமிட்டுக் கடிதம் வெளியிட்டனர். குற்றச்சாட்டு நிரூபிக்கப்படவில்லை என்று காட்டினர். அவ்வாண்டு இறுதியில் ஹாப்கின் மீதிருந்த களங்கம் நீங்கியது. ஐந்தாண்டுகள்! உயிர் காத்தவர் கொலைப் பழி சுமந்து நின்ற ஐந்தாண்டுகள்.

ஒன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். அந்தப் 19 பேர் நம்பிக்கையோடு கையை நீட்டியவர்கள். அவர்களுடைய குடும்பத்துக்கு இந்தத் தீர்ப்பால் ஆறுதல் கிடைத்திராது. ஒரு சிறு கவனக்குறைவு 19 விளக்குகளை அணைத்தது. வல்லுநரை நம்பச் சொல்கிறோம். அந்த நம்பிக்கை எத்தனை பெரிய பொறுப்பு என்பதை வல்லுநர் மட்டுமன்றி, இடுக்கியைப் பிடிக்கும் கடைசிப் பணியாளரும் உணர வேண்டும்.

இறுதி நாட்கள்

ஹாப்கின் மீண்டும் இந்தியா வந்து கல்கத்தாவில் பணியேற்றார். ஆனால் பழைய உரிமைகள் திரும்பக் கிடைக்கவில்லை. புதிய ஊசிமருந்துகளை மக்களிடையே சோதிக்க அவருக்கு இடம் தரப்படவில்லை. ஐம்பத்தைந்தை எட்டும் வயதில் ஓய்வு பெற்று ஐரோப்பா சென்றார். திருமணம் செய்யவில்லை. ஆடம்பரமின்றி வாழ்ந்து, சேர்த்த பொருளை ஏழை யூத மாணவர்களின் சமயக் கல்விக்கென எழுதி வைத்தார். 1930 அக்டோபர் 26ஆம் நாள் சுவிட்சர்லாந்தின் லோசான் நகரில் காலமானார்.

நம் நாடு அவரை மறக்கவில்லை. 1925லேயே பம்பாய் ஆராய்ச்சி நிலையத்துக்கு ஹாப்கின் நிலையம் என்று பெயர் சூட்டப்பட்டது. அதற்குள் அங்கிருந்து 2 கோடியே 60 லட்சம் பேருக்கான பிளேக் மருந்து வெளியே சென்றிருந்தது. 1964இல் இந்திய அரசு அவர் நினைவாக அஞ்சல் தலை வெளியிட்டது. மும்பையில் அந்நிலையம் இன்றும் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது.

முகக்கவசம் பிறந்த கதை

முகக்கவசத்தில் தொடங்கிய நான் அதை மறக்கவில்லை. பம்பாய் பிளேக் பெரும்பாலும் தெள்ளுப்பூச்சியால் பரவியது. அதற்கு முகத்தை மூடிப் பயனில்லை. ஆனால் நுரையீரலைத் தாக்கும் பிளேக் மூச்சால் பரவும். 1910ஆம் ஆண்டு இறுதியில் சீனாவின் மஞ்சூரியாவில் அது தோன்றியது. அதைத் தடுக்கச் சென்ற மருத்துவர் வூ லியென் தே, நம் நாகப்பட்டினத்திலிருந்து கப்பலேறியவர்கள் போய் இறங்கிய அதே பினாங்கில் பிறந்தவர். பஞ்சையும் மெல்லிய துணியையும் கொண்டு முகக்கவசம் செய்து எல்லாரையும் அணியச் சொன்னார். அவரைவிட மூத்தவரான மெஸ்னி என்ற பிரெஞ்சு மருத்துவர், இந்த இளைஞனுக்கு என்ன தெரியும் என்று கவசமின்றி நோயாளிகளிடம் சென்றார். சில நாளில் பிளேக் கண்டு இறந்தார். அதன்பிறகு மக்கள் தாமாகவே முகத்தை மூடத் தொடங்கினர். மஞ்சூரியாவில் ஏறத்தாழ 60,000 பேரைப் பலிகொண்ட அந்நோய் சில மாதங்களில் அடங்கியது. ஒரே பெயருடைய நோய்க்கு ஓரிடத்தில் ஊசியும் எலி ஒழிப்பும், வேறிடத்தில் முகக்கவசமும் மருந்தாயின. நோய் பரவும் வழியை அறிந்தால்தான் தடுக்கும் வழியை அறிய முடியும். அறிவு வளர வளர அறிவுரை மாறுவதும் இயற்கையே. மாற்றத்தின் காரணத்தை மக்களுக்கு மறைக்காமல் சொல்வதே அறிஞர் கடமை.

நாம் கற்கும் பாடம்

இனி என் அப்பாயியின் கதைக்கு வருகிறேன். நான் அதட்டியது பலிக்கவில்லை என்றேன் அல்லவா? ஒருநாள் மாலை, தோற்றுப்போய்த் திண்ணையில் உட்கார்ந்து, நீங்கள் எதற்காக அஞ்சுகிறீர்கள் அப்பாயி என்று கேட்டேன். அதுவரை நான் அதைக் கேட்கவே இல்லை! அவர்கள் நடிகர் விவேக்கைப் பற்றிச் சொன்னார்கள். தொலைக்காட்சியில் மட்டுமே பார்த்த அவருக்காக உண்மையாகவே வருந்தினார்கள். பிறகு பேச்சு எங்கெங்கோ போயிற்று. தம் சிறு வயதில் ஒரே வாரத்தில் இரண்டு தம்பியரைப் பேதிக்குப் பறிகொடுத்ததைச் சொன்னார்கள். பிற்காலத்தில் வேளாங்கண்ணித் திருவிழாவுக்குப் போகும்போதெல்லாம் வழியில் சுகாதாரப் பணியாளர் காலரா ஊசி போடுவார்கள் என்றும், கை வீங்கி இரண்டு நாள் வலிக்கும் என்றும், ஆனாலும் தம்பியரை நினைத்து ஒருமுறைகூட ஒளிந்துகொள்ளவில்லை என்றும் சொன்னார்கள். அந்த ஊசிக்கு வழி திறந்தவர்களுள் ஒருவர் ஹாப்கின் என்பதும், அதை முதலில் தம் உடலிலேயே அவர் குத்திக்கொண்டார் என்பதும் அன்றுதான் அவர்களுக்குத் தெரிந்தது. சிறிது நேரம் பேசாமல் இருந்தார்கள். மறுநாள் நான் ஊசி போட்டுக்கொள்ளப் போனபோது, புடவை மாற்றிக்கொண்டு உடன் கிளம்பினார்கள். நீ முதலில் போட்டுக்கொள், நான் பார்க்கிறேன் என்பது மட்டுமே அவர்கள் விதித்த நிபந்தனை.

காலரா பெரிதும் குறைந்ததற்கு ஊசி மட்டுமே காரணமன்று. சுத்தமான குடிநீர்தான் பெருங்காரணம். ஊசியின் காவல் சில மாதங்களே நிற்கும். இதையும் அப்பாயியிடம் மறைக்காமல் சொன்னேன். உண்மையைக் கூட்டாமல் குறைக்காமல் சொன்னபோதுதான் அவர்களுக்கு என்மேல் நம்பிக்கை பிறந்தது.

திருவள்ளுவர் தெரிந்து தெளிதல் என்று ஓர் அதிகாரமே வகுத்துள்ளார். ஆராயாமல் ஒருவரை நம்புவதும் கேடு. ஆராய்ந்து நம்பிய பின் காரணமின்றி ஐயப்படுவதும் கேடு என்பது அதன் கருத்து. ஹாப்கினின் வாழ்வில் இவ்விரண்டு கேடுகளையும் காண்கிறோம். நல்ல மருந்தை ஆராயாமல் அஞ்சினர். நல்ல மனிதரை ஆராயாமல் தண்டித்தனர்.

மாணவியரே! உங்களுள் பலர் நாளை செவிலியராகவும் மருத்துவராகவும் ஆசிரியையாகவும் கிராம சுகாதாரப் பணியாளராகவும் வருவீர்கள். உங்கள் சொல்லை நம்பி யாரோ ஒரு தாய் தன் குழந்தையின் கையை நீட்டுவாள். அப்போது தரையில் விழுந்த இடுக்கியை நினைத்துக்கொள்ளுங்கள். யாரேனும் அஞ்சி மறுத்தால் சினவாதீர்கள். எதற்கு அஞ்சுகிறீர்கள் என்று முதலில் கேளுங்கள். தெரிந்ததைத் தெரியும் என்றும், தெரியாததைத் தெரியாது என்றும் சொல்லுங்கள். பிறரைச் செய்யச் சொல்வதை முதலில் நீங்கள் செய்யுங்கள். ஊர் உங்களை நம்பும்.